வாசகர் கேள்வி பதில்: சிங்கப்பூர் மரினா பேயில் ஒரு மாலை

கேள்வி: ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்திருக்கிறார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி. பிள்ளைகளுக்கு 3 வயது, 8 வயது. சூப்பர்ட்ரீ விளக்குகளையும் மரினா பே சாண்ட்ஸ் நீரூற்றுக் காட்சியையும் ஒரே மாலையில் காட்ட முடியுமா?
- வாசகி, ஈசூன்

பதில்: தாராளமாக முடியும். நேரத்தை மட்டும் சரியாகப் பிடிக்க வேண்டும். கரையோரப் பூந்தோட்டத்தில் சூப்பர்ட்ரீ எனும் செயற்கை ராட்சத மரங்களின் விளக்குக் காட்சி இரவு 7.45க்கும் 8.45க்கும். சாண்ட்ஸ் முன்னால் நடக்கும் ஸ்பெக்ட்ரா நீரூற்றுக் காட்சி 8க்கும் 9க்கும். வெள்ளி, சனியில் 10 மணிக்கும் உண்டு. இரண்டுமே ஏறத்தாழ கால் மணி நேரம், இரண்டுமே இலவசம்.

7.45 காட்சியைப் பார்த்துவிட்டு 8 மணி நீரூற்றுக்கு ஓடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. மரத்தடியில் காட்சி முடிவதே 8 மணிக்குத்தான். தும்பிப் பாலம் வழியாகக் கடைத்தொகுதியைக் கடந்து நீர்முகப்புக்கு வர, நல்ல காலுக்கே 15 முதல் 20 நிமிடம் ஆகும். முதலில் 8 மணி நீரூற்று, பிறகு 8.45 மரங்கள் என்று மாற்றினால் இடையில் அரை மணிதான். தள்ளுவண்டியோடு மின்தூக்கிக்கு நிற்பதிலேயே பாதி போய்விடும். ஆகவே 7.45 மரம், 9 மணி நீரூற்று. நடுவில் ஒரு மணி நேரம் இருப்பதால் மாமியார் உட்கார்ந்து உட்கார்ந்து வரலாம், கழிவறைக்கும் போய்வரலாம்.

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் 7 மணியை ஒட்டியே மறைகிறது. 7.45க்கு வானம் நன்றாக இருட்டியிருக்கும். 7.15க்கே போய் ஒரு பாய் விரித்துவிடுங்கள். அந்த மரங்களில் மிக உயரமானது 50 மீட்டர். நின்றபடி அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும். படுத்துப் பார்ப்பதே சுகம்.

சாப்பாட்டுக்கு: ஈசூனிலிருந்து நியூட்டனில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கி, தேக்கா சந்தையில் இட்லியோ சப்பாத்தியோ கட்டிக்கொள்ளுங்கள். அங்கிருந்து டவுன்டவுன் ரயில் பாதையில் நான்காவது நிலையம் பேஃபிரண்ட். ரயிலுக்குள் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம், அபராதம் உண்டு. பேஃபிரண்டில் பி வாசலைப் பிடித்தால் தோட்டத்துக்குச் சுரங்க நடைபாதை இருக்கிறது.

கேள்வி: ஸ்பெக்ட்ராவை எங்கிருந்து பார்ப்பது? என் கைப்பேசியில் படம் வெள்ளை வெள்ளையாகக் கலங்கிவிடுகிறதே?
- வாசகர், தெம்பனிஸ்

பதில்: நீர்த்திரையில் விழும் உருவங்கள் தெரிய வேண்டுமென்றால் சாண்ட்ஸ் பக்கத்துப் படிக்கட்டுதான் இடம். எதிர்க்கரையில் மெர்லயன் சிலைப் பக்கம் நின்றால் கட்டடத்தோடு சேர்த்து லேசர் கதிர்கள் தெரியும், உருவம் தெளியாது. முதல் வரிசைக்கு ஆசைப்படாதீர்கள். காற்று உங்கள் பக்கம் திரும்பினால் சாரல் முகத்தில் அடிக்கும், லென்ஸிலும் படியும். நாலைந்து படி மேலே உட்காருங்கள்.

படம் கலங்குவதற்குக் காரணம் இரவுப் பயன்முறை. அது ஓரிரு விநாடி ஒளியைச் சேர்த்துப் படம் எடுக்கிறது. அதற்குள் நீர் நகர்ந்துவிடுகிறது. அதை அணைத்துவிட்டு, திரையில் மிக வெளிச்சமான இடத்தை விரலால் அழுத்திப் பிடித்து, வெளிச்ச அளவைக் கீழே இறக்குங்கள். நிறம் திரும்பி வரும். ஃபிளாஷ் இரண்டு மூன்று மீட்டரைத் தாண்டாது. முன்னால் இருப்பவர் பிடரிதான் பளிச்சென்று விழும். குடும்பப் படத்துக்கு, நீரூற்று வெண்ணிறமாகும் தருணம் வரை காத்திருங்கள்.

கேள்வி: மரினா பேயைக் கடற்கரை என்று சொல்லலாமா? வீட்டில் ஒரு வாக்குவாதம்.
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: கடலாக இருந்ததுதான். 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்ட பிறகு நன்னீர்த் தேக்கமாக மாறிவிட்டது. அலையும் மணலும் வேண்டுமென்றால் செந்தோசாவில் சிலோசோ கடற்கரைக்குப் போங்கள். அங்கே கடல்மேல் நடக்கும் இரவுக் காட்சிக்குக் கட்டணம் உண்டு. எங்கே போனாலும் குடை எடுத்துக்கொள்ளுங்கள். இடி மின்னல் என்றால் திறந்தவெளிக் காட்சியை ரத்து செய்துவிடுவார்கள்.