மேக்ஸைக் குடுத்துரலாமா?

அண்ணே வணக்கம்,

உங்க நாய் மிளகு பத்தி நீங்க எழுதுறதையெல்லாம் என் வீட்டுக்காரி எனக்கு வாட்ஸப்ல தட்டி விட்டுக்கிட்டே இருப்பா, அதைப் படிச்சுப் படிச்சுத்தான் பையன் பர்த்டேக்கு ஒரு லேப்ரடார் குட்டி வாங்குனேன். அதனால இந்தப் பஞ்சாயத்துல உங்களுக்கும் ஒரு பங்கு இருக்குங்கிற உரிமையில எழுதுறேன். என் பேர் மட்டும் போட்டுறாதீங்க, சொந்தக்காரங்க படிப்பாங்க.

மதுரையில ரெண்டாவது மாடி ஃபிளாட், நான், மனைவி, ஆறாவது படிக்கிற பையன், எங்கம்மா. மேக்ஸுக்கு இப்ப எட்டு மாசம். வந்த புதுசுல பதினஞ்சு நாள் வீடே திருவிழா மாதிரி இருந்துச்சு. இப்ப சோஃபாவுல பஞ்சு இல்லை, பையனோட ஸ்கூல் ஷூ மூணு ஜோடி போச்சு, அம்மாவோட மூக்குக்கண்ணாடி போச்சு. பூஜை ரூம்ல நாய் முடி கிடக்குன்னு அம்மா தினமும் ஒரு பாட்டு. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா பகல் பூரா குரைக்கிறான்னு கீழ் வீட்டுக்காரர் அசோசியேஷன்ல எழுதிக் குடுத்துட்டார். போன மாசம் உண்ணி கடிச்சு டிக் ஃபீவர் வந்து மூக்குல ரத்தம், ஒம்பதாயிரம் செலவு. விளையாட்டுல பையன் கையில பல்லு பட்டுருச்சு, ஊசி போட்டாச்சு, ஆனாலும் அம்மா தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசின்னு பழைய கதையைச் சொல்லி அவனை அழ வெச்சுட்டாங்க. பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்குப் போக, நான் மட்டும் நாயோட உக்காந்து பார்சல் பரோட்டா தின்னேன்.

ஆபீஸ்ல ஒருத்தர் தோட்டம் வெச்சிருக்கார், குடுங்க சார் நான் பாத்துக்கிறேன்னு கேக்குறார். குடுத்துட்டா பாவமா அண்ணே? நாய் வளக்குறது சந்தோஷம்னு எழுதுறீங்களே, அது எங்க இருக்குன்னு நிஜமாவே கேக்குறேன்.

*

தம்பி,

பங்கு இருக்குன்னு சொன்னீங்கல்ல, ஒத்துக்கிறேன். மிளகு வால் ஆட்டுனதையெல்லாம் எழுதுன நான் அவ என் பாஸ்போர்ட்டைத் தின்னதை எழுதவே இல்லை. போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு வந்தவர் எப்படி சார் தொலைஞ்சுதுன்னு கேக்க, நான் அவளைக் கையைக் காட்ட, அவ அவர் பூட்ஸை மோந்து பாத்துக்கிட்டு நின்னா. இதையெல்லாம் மறைச்சு நல்லதை மட்டும் எழுதுனது என் தப்புதான்.

ஆனா உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். சோஃபா இருக்கு, ஷூ இருக்கு, கண்ணாடி இருக்கு, ஒம்பதாயிரம் இருக்கு, பரோட்டா கூட இருக்கு. மேக்ஸை காலையில யார் வாக்கிங் கூட்டிட்டுப் போறாங்கங்கிறது மட்டும் எங்கயுமே இல்லை. மறந்துட்டீங்களா இல்ல எழுத ஒண்ணும் இல்லையா? என் சந்தேகம், பையன் ரெண்டு நாள் கூட்டிட்டுப் போயிருப்பான், அப்புறம் ட்யூஷன், அப்புறம் வாட்ச்மேன் அஞ்சு நிமிஷம் கீழ இறக்கி கக்கா போக வெச்சு ஏத்தி விட்டிருப்பார். தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க.

லேப்ரடார் எங்கேருந்து வந்துச்சுன்னு பாருங்க. கனடாவோட கிழக்குக் கோடியில நியூஃபவுண்ட்லேண்ட்னு ஒரு தீவு, அங்க மீன் புடிக்கிறவங்க கூட படகுல போயி, ஐஸ் மாதிரி தண்ணியில குதிச்சு, தூண்டில்ல இருந்து நழுவுன மீனையும் மிதக்குற கயித்தையும் வாயில கவ்விக் கொண்டாந்த நாய்களோட வாரிசு அது. அதை இங்கிலாந்துக்காரன் தூக்கிட்டுப் போயி, சுட்டு விழுந்த வாத்தைப் பல்லு படாம எடுத்துட்டு வர்றதுக்குப் பழக்குனான். ஆக மொத்தம் நாள் பூரா ஓடுறதும் நீந்துறதும் எதையாவது வாயில கவ்வுறதும்தான் அவன் பரம்பரைத் தொழில். அவனை ரெண்டாவது மாடியில டைல்ஸ் தரையில ஒம்பது மணி நேரம் பூட்டி வெச்சா கவ்வுறதுக்கு சோஃபாதான் கிடைக்கும், வேற என்ன கிடைக்கும். ஒடம்புல ரெண்டு அடுக்கு முடி, அந்தக் குளிருக்குன்னு வந்தது, அது மதுரை வெயில்ல கொட்டாம என்ன செய்யும், தினமும் சாயங்காலம் பால்கனியில வெச்சு பத்து நிமிஷம் பிரஷ் போட்டு சீவுனா அம்மா பூஜை ரூம் பிரச்சனை பாதி குறையும். முழுசா தீராது, அதையும் சொல்லிடுறேன், என் வீட்டுல சாம்பார்ல கூட முடி பாத்திருக்கோம்.

சின்ன வயசுல எங்க வீட்டுல ஒரு ராஜபாளையம் நாய் இருந்துச்சு. எங்களுக்கு விருதுநகர் பக்கம், அப்பா எங்கயோ சொல்லி வெச்சு வாங்கிட்டு வந்தார், பால் வெள்ளை, செவந்த மூக்கு, நடந்து வந்தா தெருவே பாக்கும். ஆனா கூப்பிட்டா வராது. ராஜா, ராஜான்னு தொண்டை கிழியக் கத்துவோம், திரும்பிக் கூடப் பாக்காது. ராஜபாளையம்னா அப்படித்தான், திமிரு, ஒரு ஆளுக்குத்தான் அடங்கும்னு ஊரே விளக்கம் சொல்லுச்சு, அப்பா ரெண்டு மூணு தடவை அடிக்கவும் செஞ்சார். ஒரு நாள் மத்தியானம் தாத்தா கை தவறி பித்தளைக் குடத்தை முத்தத்துல போட்டுட்டார், தெருக்கோடி வரைக்கும் சத்தம், ரெண்டடி தள்ளிப் படுத்திருந்த ராஜா காதைக் கூட அசைக்கல. தாத்தா கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னார். அப்புறம் மெதுவா பின்னாடி போயி அது படுத்திருந்த மரப்பலகையில காலை ஓங்கி ஒரு தட்டு, துள்ளி எந்திரிச்சிருச்சு. காது கேக்காது தம்பி அதுக்கு. அந்த மாதிரி வெள்ளைத்தோல் செவந்த மூக்கு ராஜபாளையத்துல பொறவிச் செவிடு சகஜம்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் தரையைத் தட்டித்தான் கூப்பிடுவோம், ஓடி வரும். 2005ல தபால்துறை நாலு இந்திய நாய்களுக்கு ஸ்டாம்ப் போட்டப்போ அதுல ராஜபாளையமும் இருந்துச்சு, அப்பா ஒண்ணு வாங்கி டைரிக்குள்ள வெச்சுக்கிட்டார், எதுக்குன்னு நான் கேக்கல.

உங்க மேக்ஸ் சேட்டைங்கிறதும் அந்தத் திமிரு மாதிரிதான்னு தோணுது.

டிக் ஃபீவர் பத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா அது மறுபடி வரும். நாயைக் குளிப்பாட்டி மருந்து போட்டு, உண்ணியெல்லாம் போச்சுன்னு நெனச்சுக்கிறோம். பொட்டை உண்ணி ரத்தம் குடிச்சு ஊதுனதும் நாய் மேலேருந்து இறங்கி சுவத்து விரிசல், கதவு நிலை, கட்டிலுக்கு அடியிலன்னு போயி ஆயிரக்கணக்குல முட்டை வெச்சுட்டுச் சாகும். அதனால பாதி வைத்தியம் சுவத்துக்குத்தான். டார்ச் அடிச்சு இடுக்கெல்லாம் பாருங்க, சிமெண்ட் வெச்சு அடைங்க. காதுக்குள்ளயும் கால் விரல் இடுக்குலயும் தினமும் விரலை விட்டுப் பாருங்க, கிடைச்சா ட்வீசர்ல தோலை ஒட்டிப் புடிச்சு நேரா இழுத்து ஸ்பிரிட்ல போடுங்க, நகத்துல நசுக்காதீங்க. டாக்டர் குடுத்த மாத்திரையை நாய் தெளிவாயிருச்சுன்னு பாதியில நிறுத்திடாதீங்க, பொதுவா நாலு வாரம் வரைக்கும் குடுப்பாங்க, நான் மிளகுக்கு பன்னெண்டு நாள்ல நிறுத்திட்டு ரெண்டாவது தடவை மாட்டாஸ்பத்திரி வாசல்ல விடியக்காலம் டோக்கனுக்கு நின்னவன்.

சாப்பாட்டுலயும் ஜாக்கிரதை. கேம்பிரிட்ஜ்ல 2016ல ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபுடிச்சது, கிட்டத்தட்ட நாலுல ஒரு லேப்ரடாருக்குப் பசியை அடக்குற ஜீன்ல ஒரு துண்டே இல்லையாம், அதனால எவ்வளவு தின்னாலும் இன்னிக்குத்தான் சோத்தைப் பாக்குற மாதிரி ஒரு பார்வை பாக்கும். உங்கம்மா திட்டிக்கிட்டே தோசை போடுறாங்களா இல்லையான்னு ஒரு நாள் மறைஞ்சு நின்னு பாருங்க, கண்டிப்பா போடுவாங்க. தோசை பரவாயில்லை. வெங்காயம், சாக்லேட், பாயாசத்துல போடுற திராட்சை இதெல்லாம் நாய்க்கு விஷம், அதை மட்டும் சொல்லி வைங்க.

தொப்புளைச் சுத்தி ஊசிங்கிறது நின்னு இருபது வருஷமாச்சு, இப்ப கையில நாலஞ்சு, அவ்வளவுதான், கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில காசே இல்லை. நீங்க போட்டது சரி. மேக்ஸுக்கும் வருஷா வருஷம் தேதி தவறாம போடுங்க. எந்த நாய்ப்பல் பட்டாலும் சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவுங்க, மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். வெறிநோய் முத்திருச்சுன்னா வைத்தியம் கிடையாது, அதனால இதுல மட்டும் அம்மா பயப்படுறது நியாயம்.

அசோசியேஷனைப் பத்திப் பெருசா கவலைப்படாதீங்க, நாய் வளக்கக் கூடாதுன்னு அவங்க தடை போட முடியாதுன்னு விலங்கு நல வாரியம் 2015லயே வழிகாட்டுதல் குடுத்திருக்கு. சட்டம் உங்க பக்கம், ஆனா காது கீழ் வீட்டுக்காரருது. ஒரு டப்பா ஸ்வீட்டோட போயி உக்காந்து பேசுங்க, எந்த நேரத்துல குரைக்கிறான்னு கேளுங்க, அந்த நேரத்துக்கு யாரையாவது காசு குடுத்து வந்து அரை மணி நேரம் நடக்க வைங்க. தனியா இருக்கிற நாய்தான் அப்படிக் கத்தும், கீழ் வீட்டுக்காரரைப் பழிவாங்கக் கத்தல.

சந்தோஷம் எங்க இருக்குன்னு கேட்டீங்க. இதுக்கு பதில் எழுத உக்காந்து ரெண்டு நாளா எழுதி எழுதி அழிச்சேன்.

மிளகுக்கு இப்ப பன்னெண்டு வயசு முடியப் போகுது. நாட்டு நாய், ஒரு மழை நாள்ல தாம்பரம் பக்கம் கடை வாசல்ல கிடந்து எடுத்தது. நாப்பது வயசு வரைக்கும் நான் சூரியன் உதிச்சுப் பாத்ததே இல்லை, அதுக்கப்புறம் ஒரு நாள் விடாம பாத்திருக்கேன், அவ அஞ்சரைக்கு வந்து கட்டில் காலைப் பிராண்டுவா. பால் பாக்கெட் போடுற பையன், பூக்கட்டுற அக்கா, அவளுக்குன்னு ஒரு வர்க்கியை எடுத்து வெச்சிருக்கிற டீ மாஸ்டர், இவங்களுக்கெல்லாம் நான் எழுதுறவன்னே தெரியாது, மிளகு வீட்டுக்காரர், அவ்வளவுதான். ராத்திரி மொசைக் தரையில அவ நகம் டிக் டிக்னு ஹால்லேருந்து ரூமுக்கு வர்ற சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். இப்ப அந்தச் சத்தம் மாறிருச்சு, பின்னங்கால் ஒண்ணு தேய்ச்சு தேய்ச்சு வருது. கண்ணுல புரை. படிக்கட்டுக்குக் கீழ போயி நின்னுக்கிட்டு மேல பாப்பா, நான் போயி பதினெட்டு கிலோவைத் தூக்கணும், என் இடுப்பு எனக்குத் தெரியும். தூக்குனதும் மூஞ்சியை என் கழுத்துல சொருகிக்குவா, பல்லு போன வாய், நாத்தம் தாங்காது. பதினாலு படி. இதுக்குப் பேர் சந்தோஷமா என்னன்னு எனக்குத் தெரியல தம்பி, ஆனா நீங்க கேட்டப்போ ஞாபகத்துக்கு வந்தது அந்தப் பதினாலு படிதான்.

இதைப் படிச்சுட்டு வெச்சுக்கிறதுன்னு உடனே முடிவு பண்ணிடாதீங்க, ஏற்கனவே ஒரு தடவை என் எழுத்தைப் படிச்சுத்தான் வாங்கியிருக்கீங்க. பையனுக்குன்னு வாங்குனீங்க, சரி, ஆனா ஆறாவது படிக்கிற பையனால நாய் வளக்க முடியாது, கூட விளையாட முடியும். வளக்கிறது நீங்களா உங்க வீட்டம்மாவான்னு ரெண்டு பேரும் முதல்ல பேசிக்கோங்க. ஒரு மாசம் ஒரே ஒரு காரியம், காலையில அஞ்சரைக்கு நாப்பது நிமிஷம், ராத்திரி அரை மணி நேரம், யார் பொறுப்பு எடுத்துக்கிட்டீங்களோ அவங்களே போகணும். வெயில் காலத்துல சாயங்காலம் ரோட்டுல புறங்கையை வெச்சுப் பாத்து, சுடலைன்னாத்தான் கூட்டிட்டுப் போகணும். ஊருக்குப் போகணும்னா ரயில்ல ஃபர்ஸ்ட் ஏசியில கூப்பேங்கிற தனி அறையை முழுசா எடுத்தாத்தான் கூட வெச்சுக்கலாம், இல்லைன்னா கார்டு வேன்ல இருக்கிற நாய்ப்பெட்டி, அதுல நான் ஒரு நாயையும் ஏத்த மாட்டேன், கார் வாடகைதான் வழி. இந்தச் செலவையெல்லாம் அந்த ஒரு மாசத்துலயே ஒரு நோட்டுல எழுதுங்க. மாசம் முடிஞ்சும் முடியலைன்னா குடுத்துருங்க. அது பாவம் இல்லை, எட்டு மாசக் குட்டி புது வீட்டுல ஒட்டிக்கும், அஞ்சு வயசுல குடுத்தா அதுக்குத்தான் கஷ்டம். எங்கயாவது பைபாஸ்ல இறக்கி விட்டுட்டு வர்றாங்களே, அதான் பாவம். 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி பட்டினி கிடக்குற மாதிரி விட்டுட்டு வர்றது குத்தம், முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலேருந்து அம்பது ரூபா வரைக்கும், இன்னும் அதே தொகைதான், இந்தச் சட்டத்தை வெச்சு யாரைப் பயமுறுத்துறது.

குடுக்கிறதுக்கு முன்னாடி அந்தத் தோட்டத்துக்கு நீங்களே ஒரு தடவை போயிட்டு வாங்க. காவலுக்குத்தான் கேக்குறார்னா குடுக்காதீங்க, லேப்ரடார் திருடனுக்கு டார்ச் எடுத்துக் குடுக்கும், ரெண்டாவது மாசம் அவர் மோட்டார் ரூம்ல செயின் போட்டுக் கட்டிருவார். அங்க ராத்திரி யார் தங்குறாங்கன்னு கேளுங்க. தடுப்பூசி புக்கைக் குடுங்க. பையன்கிட்ட பொய் சொல்லாதீங்க, கூட்டிட்டுப் போயி அவன் கையாலயே குடுக்கச் சொல்லுங்க, அழட்டும்.

அப்புறம் மேக்ஸ் படுக்கிற பழைய பெட்ஷீட் ஒண்ணு இருக்கும்ல, அதைத் தொவைக்காம அப்படியே கூடக் குடுத்து விடுங்க.