ஐப்பசி மழையில் ஏற்காட்டுக்கு பைக்கில் மீட்டிங் போகலாமா?

கேட்டவர் சேலத்தில் தங்கியிருக்கிறார். அக்டோபர் கடைசியில் ஏற்காட்டில் ஒருநாள் அலுவலகக் கூட்டமாம். பைக்கா, பஸ்ஸா என்று கேட்டிருக்கிறார்.

பைக்கில் போகலாம். ஆனால் முதலில் கூட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொடங்கும் நேரத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள், முடியும் நேரத்தை யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான் பாசனக் குழாய், ஸ்பிரிங்ளர் விற்கும் வேலையில் இருக்கிறேன். காப்பிச் செடி பூப்பதற்கு மார்ச் வாக்கில் ஒரு மழை வேண்டும். அது ஏமாற்றிவிட்டால் ஸ்பிரிங்ளர்தான். அந்த ஆர்டரை, எஸ்டேட்டில் பழம் பறிக்கும் வேலை மும்முரமாவதற்கு முன்பே பேசி முடித்தாக வேண்டும். அதனால் எங்கள் கூட்டம் வருஷாவருஷம் சரியாக அடைமழையில்தான் வந்து விழும்.

முதல் வருஷம் கிளம்பிய காலையில் சேலத்தில் நல்ல வெயில். மழைக்கோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டேன். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வரைக்கும் வெயில்தான். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு 1,500 மீட்டருக்குப் பக்கம். முப்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் குளிர் ஏழெட்டு டிகிரி கூடிவிடும். 15-ஆவது வளைவுக்கு மேல் மேகத்துக்குள்ளேயே நுழைந்தேன். மழை என்றுகூடச் சொல்ல முடியாது, பொடித் தூறல்தான். ஆனால் போய்ச் சேரும்போது பேன்ட்டைப் பிழியலாம். நாற்காலியில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் உட்கார்ந்தேன். ஸ்வெட்டரும் மஃப்ளருமாக இருந்த ஒரு எஸ்டேட்காரர், "ஏனுங்க தம்பி, எங்க செடிக்குத் தண்ணி விட வந்துட்டு நீங்களே நனைஞ்சு வந்திருக்கீங்க?" என்றார். அன்று நான் விலை பேசிய லட்சணம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சட்டை, பேன்ட், சாக்ஸ் மூன்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப்போங்கள். செருப்போடு ஓட்டி, அங்கே போய் ஷூ மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஈரச் செருப்பு கியரில் வழுக்கும்.

ஏறுவது பெரிய கஷ்டமில்லை. என் பழைய ஸ்ப்ளெண்டரே இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறிவிடும். வளைவில் மேலிருந்து பஸ் வருவது தெரிந்தால் முன்கூட்டியே ஓரங்கட்டி நின்றுவிடுங்கள். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி என்பது விதி, சரி. ஆனால் பஸ் திரும்ப முழு ரோடும் வேண்டும்.

இறங்குவதுதான் விஷயம். இரண்டு மணிக்கு முடிய வேண்டிய கூட்டம், தள்ளுபடிப் பேச்சில் ஐந்தைத் தாண்டியது. வெளியே வந்தால் ஏரியே தெரியவில்லை, எல்லாம் வெள்ளை. டீக்கடை அம்மா கிளாஸை வாங்கிக்கொண்டே, "கண்ணு, தனியாப் போவாத. இப்ப சேலம் பஸ் வரும், அது பின்னாடியே போயிரு" என்றார். அப்படியே செய்தேன். பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும்தான் எனக்கு ரோடு. மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. லோ பீம்தான் சரி.

பாதி இறங்கியிருப்போம், பஸ் நின்றுவிட்டது. ரோட்டோரம் காட்டெருமை ஒன்று, ஈர முதுகு விளக்கில் மின்ன, அசையாமல் நின்றது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. நானும் காலை ஊன்றிக் காத்திருந்தேன். அந்த அமைதியில்தான் கருகிய வாசம் மூக்கில் ஏறியது. என் வண்டியின் பிரேக்தான்! பயத்தில் பின் பிரேக்கை மிதித்த காலை எடுக்கவே இல்லை. மேலேயிருந்தே இரண்டாவது கியரில் விட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்கியிருக்க வேண்டும். கிளட்சைப் பிடித்துக்கொண்டோ, பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டோ இறங்கவே கூடாது. மழைக்குப் பிறகு வளைவுகளில் மணலும் பொடிக்கல்லும் அடித்துவந்து கிடக்கும். பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள்.

குப்பனூர் வழியாகவும் இறங்கலாம். மே மாதக் கோடை விழாவில் கூட்டத்தைச் சமாளிக்க வண்டிகளை அந்தப் பக்கம்தான் இறக்கிவிடுவார்கள். மழைநாள் மாலையில் தனியாக அந்த வழியில் நான் போக மாட்டேன்.

கிளம்பும் அன்று காலை மேலே இருப்பவர் யாருக்காவது போன் செய்து கேளுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. புயல் எச்சரிக்கை இருந்தால் கூட்டத்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். மூன்றரைக்குள் கிளம்ப முடியும் என்றால் பைக். முடியாது என்றால் புதுப் பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ் ஏறிவிடுங்கள், நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

அந்த ஆர்டர் கிடைத்ததா என்றால், கிடைத்தது. எனக்கு வந்த கமிஷன் பிரேக் ஷூ மாற்றச் சரியாக இருந்தது.