ஆட்டுக்கிடையில் ஒரு சிறுவன் வேலை பார்ப்பதைப் பார்த்தேன். 1098-க்குச் சொன்னால் போதுமா, வேறு எந்தத் துறைக்கும் சொல்ல வேண்டுமா?

குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள். ஆனால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்குப் பதில் 'போதாது'. ஏன் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டிருக்கும் இடத்தில் அந்தப் பையனைப் பார்த்திருக்கிறீர்கள். பள்ளி நேரம். கூடப் பெற்றோர் இல்லை. கேட்டதற்கு "சொந்தக்காரப் பையன்" என்று பதில் வந்திருக்கும். எங்களுக்கும் அதே பதில்தான் வந்தது.

நான் டெல்டா பகுதியில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. ஊர் பெயரும் மாவட்டத்தின் பெயரும் சொல்ல மாட்டேன். காரணம் கடைசியில் சொல்கிறேன்.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பொங்கல் விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. சம்பா அறுவடை முடிந்ததும் எங்கள் பக்கம் செம்மறிக் கிடைகள் வரும். ராத்திரி ஆடுகளை வயலில் அடைத்தால் எரு கிடைக்கும் என்று விவசாயிகள் அதற்குக் காசு கொடுப்பார்கள். ஓர் ஊர் முடிந்தால் அடுத்த ஊர், அப்புறம் அடுத்த மாவட்டம். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "அவன் அத்தை வீட்டுக்குப் போயிருக்கான் டீச்சர்" என்றார் அம்மா. நாலாவது படிக்கும் தங்கைதான் அடுத்த நாள் வகுப்பில் என்னிடம் வந்து "அண்ணன் ஆட்டோட போயிட்டான் டீச்சர்" என்றாள். அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மருத்துவச் செலவுக்கு வாங்கிய கடன் நின்றது. கிடைக்காரர் ஒருவர் முன்பணம் கொடுத்துப் பையனை அழைத்துப் போயிருக்கிறார். கணக்கு எப்போது தீரும் என்று அம்மாவுக்குத் தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீழே வந்து சண்டை போடுவார்கள். ஆடு மேய்க்கும் தொழிலை நான் இழிவாகப் பேசவில்லை. கிடையை நடத்தும் எல்லாக் கீதாரிகளும் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்றும் சொல்லவில்லை. சொந்தப் பிள்ளைகளை விடுதியில் சேர்த்துப் படிக்க வைக்கும் கீதாரிகளை எனக்கே தெரியும். வீட்டு ஆட்டைப் பிள்ளை பள்ளி விட்டு வந்து பார்த்துக்கொள்வதைச் சட்டமும் தடுக்கவில்லை. 11 வயதுப் பிள்ளையைக் கடனுக்கு ஈடாக அனுப்புவது வேறு விஷயம். அதற்குப் பெயர் கொத்தடிமை. அதைத் தடை செய்யும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது.

சரி, 1098-க்கு அழைத்தேன். 1996-ல் மும்பையில் தொடங்கிய சேவை அது. 2023-ல் மத்திய அரசு அதை 112 அவசர எண்ணோடு இணைத்து அரசு நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தது. நம்மிடம் தகவல் வாங்கி மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அனுப்புவார்கள். வயது, இடம், யாரோடு இருக்கிறான், அடி, காயம் உண்டா என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாதது இடம்தான். கிடை நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்குள் அது பக்கத்து மாவட்டத்துக்குள் போய்விட்டது.

சிக்கல் இங்கேதான் தொடங்கியது. எங்கள் பக்கக் காவல் நிலையத்தில், சம்பவ இடம் எங்கள் எல்லையில் இல்லை என்றார்கள். தொழிலாளர் துறையில், பக்கத்து மாவட்ட அலுவலகத்தைப் பாருங்கள் என்றார்கள். எங்கள் பாதுகாப்பு அலகு கடிதம் எழுதியது, அது போய்ச் சேர வேண்டும். யாரும் பொய் சொல்லவில்லை, அவரவர் விதிப்படி சரியாகத்தான் பேசினார்கள். பையன் மட்டும் எந்த மேஜைக்கும் உரியவனாக இல்லை. கடைசியில் பக்கத்து மாவட்டத்தில் கிடை போட்டிருந்த ஒரு விவசாயி, எங்கள் பள்ளிச் சத்துணவு அமைப்பாளருக்குச் சொந்தக்காரர், இன்ன ஊரில் இன்ன வயலில் இருக்கிறார்கள் என்று போனில் சொன்னார். அவர் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை. அவர் சொல்லாமல் ஒன்றும் நடந்திருக்காது.

அந்த மாவட்டப் பாதுகாப்பு அலகில் ஒரு பெண் அலுவலர். இடத்தைச் சொன்னதும் உடனே கிளம்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் "ஆர்.டி.ஓ. ஆபீஸைக் கூட்டிட்டுத்தான் போகணும் டீச்சர்" என்றார். வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தைத்தான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. பிள்ளை அங்கே கிடக்கிறான், இன்னொரு அலுவலகத்துக்கு எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இது: "நாம மட்டும் போய்த் தூக்கிட்டு வந்தா பையன் மட்டும்தான் வருவான். கடன் அங்கேயே நிக்கும். அடுத்த மாசம் தங்கச்சி போவா."

உங்கள் கேள்விக்கு நான் சொல்ல வேண்டியது முழுக்க அதில் இருக்கிறது. ஒரே பிள்ளையை ஒவ்வொரு துறையும் வேறு வேறாகப் பார்க்கிறது. தொழிலாளர் துறைக்கு அவன் குழந்தைத் தொழிலாளி. அவர்கள் வேலைக்கு வைத்தவர் மீது வழக்குப் போடுவார்கள். குழந்தைகள் நலக் குழுவுக்கு அவன் பராமரிப்பு தேவைப்படும் குழந்தை. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் உண்டு. மீட்ட 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் தவிர்த்து, பிள்ளையை அவர்கள் முன் கொண்டுபோக வேண்டும். அவன் எங்கே தங்குவான், யாரிடம் போவான் என்று முடிவு செய்வது அவர்கள்தான். ஆனால் இவன் கொத்தடிமை என்று விசாரித்து விடுதலைச் சான்று கொடுக்கும் அதிகாரம் வருவாய்த் துறையிடம்தான் இருக்கிறது. அதாவது கோட்டாட்சியர், அல்லது அவருக்கு மேல் கலெக்டர். அந்தச் சான்று கையில் இருந்தால்தான் கடன் செல்லாது என்று அடித்துப் பேச முடியும். மறுவாழ்வு உதவிக்கும் அதுதான் வேண்டும். சிறுவர்களுக்கு மத்தியத் திட்டத்தில் 2 லட்சம் ரூபாய் வரை உண்டு. உடனடி உதவியாக 30,000 வரை முதலில் தரலாம். மீதி வழக்கோடு பின்னிக் கிடக்கும். அது வேறு கதை.

மறுநாள் விடியற்காலையில் தாசில்தார், தொழிலாளர் துறை ஆய்வாளர், பாதுகாப்பு அலகு, சாதாரண உடையில் குழந்தை நல காவல் அலுவலர் எல்லோரும் சேர்ந்து போனார்கள். நான் அங்கே இல்லை. பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். வைத்திருந்தவர் முதலில் சொந்தக்காரன் என்றார். அப்புறம் 15 வயது என்றார். 14 முடிந்திருந்தால் ஆபத்தான தொழில்களில் மட்டும்தான் தடை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. வயதைத் தீர்மானிக்கச் சட்டம் முதலில் கேட்பது பள்ளிச் சான்றைத்தான். சேர்க்கைப் பதிவேட்டுப் பக்கத்தைத் தலைமையாசிரியர் கையெழுத்தோடு அனுப்பிவைத்தோம். 15 வயது என்ற பேச்சு அன்றே முடிந்தது.

இன்னொன்றையும் அந்த அலுவலர் கவனமாகச் செய்தார். கோட்டாட்சியர் விசாரணையில் பையன் பேசும்போது வைத்திருந்தவர் பக்கத்து ஆள் யாரும் அறைக்குள் இல்லாமல் பார்த்துக்கொண்டார். வெயிலில் செருப்பில்லாமல் நடந்ததும், காலில் முள் ஏறிச் சீழ் பிடித்ததும், ஆடு ஒன்று காணாமல் போனதற்கு அடி வாங்கியதும் அப்போதுதான் வெளியே வந்தன. சான்று கிடைத்தது.

அதன் பிறகும் முடியவில்லை. பையன் அந்த மாவட்டத்துக் குழந்தைகள் இல்லத்தில் இருந்தான். எங்கள் மாவட்டக் குழுவுக்கு அவனை மாற்ற, எங்கள் அலகு வீட்டுக்குப் போய்ச் சமூக விசாரணை அறிக்கை எழுத வேண்டும். 15 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முடியவில்லை. அவர்களையும் குறை சொல்ல மனம் வரவில்லை. மாவட்டம் முழுவதையும் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்துப் பார்க்கிறார்கள், இருக்கும் ஆட்களில் பலர் ஒப்பந்தப் பணி. நான் இரண்டு பக்கமும் போன் செய்துகொண்டே இருந்தேன். எனக்கு அதிகாரம் எதுவும் கிடையாது. பையன் பெயரைச் சொல்லிக் கேட்க ஓர் ஆள் இருந்தது, அவ்வளவுதான். கோப்பு எண் சொல்லிக் கேட்டால் "பிராசஸ்ல இருக்கு" என்பார்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால் எடுத்துப் பார்ப்பார்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர்கள் என்று இந்தத் தளத்தில் வாரம் ஒரு பதிலாவது வருகிறது. அதை எழுதுபவர்களிடம் கேட்கிறேன். ஒரே ஆள் இரண்டு வகுப்பை வைத்துக்கொண்டு, செயலியில் வருகை ஏற்றி, தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை எல்லாம் பார்த்து, வராத பிள்ளையின் வீட்டுக்கும் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? இடைநின்ற பிள்ளை ஒருவன் இருக்கிறான் என்று உண்மையைக் காட்டினால், பள்ளிக்குக் கெட்ட பெயர் வருகிறது என்று எங்களைத்தான் விளக்கம் கேட்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். எனக்கு இது பல வருஷ வலி, சொல்லிவிட்டேன்.

பையன் வீடு வந்த பிறகு வைத்திருந்தவரின் ஆள் ஒருவர் வந்து முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். அம்மா பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார். சான்றின் நகலை வைத்துக்கொண்டு எங்கள் காவல் நிலையத்துக்குப் போனோம். இந்த முறை எல்லை பற்றிய பேச்சே எழவில்லை. சட்டப்படி அந்தக் கடன் ஒழிந்தது என்று உதவி ஆய்வாளரே அந்த ஆளிடம் சொன்னார். அதன் பிறகு அவர் வரவே இல்லை. அம்மாவுக்கு விதவை ஓய்வூதியம் தாசில்தார் வழியாக வந்தது. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்குப் பாதுகாப்பு அலகு பரிந்துரைத்தது. "நீங்க மீட்டுட்டுப் போயிடுவீங்க, சோறு யார் போடுவா" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த இரண்டும்தான். இப்போது பையன் எட்டாம் வகுப்பு. கணக்கில் பின்தங்கியிருக்கிறான், மாலையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன்.

எல்லா ஊரிலும் இப்படி முடியும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. எங்களுக்கு அந்த அலுவலர் கிடைத்தார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1098-க்குச் சொல்லும்போது கிடை யார் வயலில் இருக்கிறது, எத்தனை நாள் இருக்கும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். வயல்காரருக்கு அது தெரியும். முன்பணம் பற்றிக் காதில் விழுந்திருந்தால் 'கொத்தடிமை' என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். கோட்டாட்சியருக்கும் கலெக்டருக்கும் தனியாக ஒரு மனு எழுதுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே போய்ப் பையனைக் கூட்டி வராதீர்கள், கிடைக்காரரிடம் சண்டையும் போடாதீர்கள். இரவோடு இரவாக இடம் மாறிவிடுவார்கள். எந்த ஊர்ப் பையன் என்று தெரிந்தால் அந்த ஊர்ப் பள்ளிக்குச் சொல்லுங்கள். வயதுக்குச் சான்று அங்கேதான் இருக்கிறது. எடுத்த போட்டோவை அலுவலருக்கு மட்டும் அனுப்புங்கள். இங்கே கருத்துப் பகுதியில் அவன் பெயரையோ ஊரையோ யாரும் எழுத வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி அது குற்றம். நான் எங்கள் ஊரைச் சொல்லாததும் அதனால்தான்.