ஹோம் அசிஸ்டென்ட்டை நம்பி வேலையை விடலாமா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருந்துகொண்டு பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு பைத்தான் வேலை பார்க்கிறேன். ஓய்வு நேரத்தில், வீட்டு விளக்கு, மோட்டார் போன்றவற்றைத் தானாக இயக்க உதவும் ஹோம் அசிஸ்டென்ட் என்ற இலவச மென்பொருளுக்கு கோட் எழுதிக் கொடுக்கிறேன். ஏற்காட்டில் காட்டேஜ் நடத்தும் இரண்டு பேர் “எங்களுக்கும் செஞ்சு குடு தம்பி” என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா? இலவச மென்பொருளில் வருமானம் எங்கிருந்து வரும்?

பதில்: வேலையை இப்போது விடாதீர்கள். காட்டேஜ்காரர்களையும் விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் கோட் எழுதும் திட்டத்தையே பாருங்கள். 2013-ல் பவுலஸ் ஸ்கவுட்சன் தன் வீட்டு பிலிப்ஸ் ஹ்யூ விளக்குகளை இயக்க எழுதிய நிரலில் தொடங்கியது அது. நபு காசா என்ற கம்பெனியைக் கூட்டாளிகளோடு ஆரம்பித்தது 2018-ல்தான். அந்தக் கம்பெனியும் மென்பொருளை விற்கவில்லை. வெளியூரிலிருந்து வீட்டை இயக்குவது, அலெக்சாவோடு இணைப்பது போன்றவற்றை எளிதாக்கித் தரும் மாதச் சந்தாவை விற்கிறது. காசில்லாமல் தாங்களே செய்துகொள்ளவும் வழி உண்டு. இருந்தும் பலர் பணம் கட்டுகிறார்கள். 2024-ல் மென்பொருள் ஓப்பன் ஹோம் பவுண்டேஷன் என்ற லாபநோக்கற்ற அமைப்பின் கைக்குப் போய்விட்டது, சந்தா வியாபாரம் அப்படியே நடக்கிறது.

உங்களுக்கும் வருமானம் பொருத்தித் தருவதிலும் அப்புறம் பார்த்துக்கொள்வதிலும்தான். மலையில் மழை வந்து இன்டர்நெட் போனாலும், ஹோம் அசிஸ்டென்ட்டைப் போட்டுவைக்கும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி அங்கேயே இருந்து வேலை செய்யும். அதைச் சொல்லி விற்கலாம். ஆனால் காட்டேஜ்காரர் கலர் விளக்குக்காக உங்களைக் கூப்பிடவில்லை. ஆள் காலி செய்த பிறகும் ஓடும் கீசரும் நிரம்பி வழியும் டேங்கும்தான் அவர் கவலை.

மோட்டாரில் கவனம். இஎஸ்பி32 என்ற வைஃபை சிப் உள்ள போர்டோடு வரும் குட்டி ரிலேயில் (போர்டு சொல்வதைக் கேட்டு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும். ஒரு எச்பி மோட்டார் ஓடும்போது அதற்குள்தான் இழுக்கும்; ஸ்டார்ட் ஆகும் நொடியில் பல மடங்கு இழுக்கும். அதில் ரிலேயின் உள்ளே தொட்டு விலகும் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் மொபைல் ‘ஆஃப்’ என்று காட்டும், மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ரிலே, மோட்டாருக்கென்றே உள்ள பெரிய சுவிட்சான காண்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டாரைக் காண்டாக்டர் பார்த்துக்கொள்ளும். 230 வோல்ட் வயரிங்கை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

ஹோம் அசிஸ்டென்ட் அப்பாச்சி 2.0 உரிமத்தில் இருப்பதால் தொழிலுக்குப் பயன்படுத்தத் தடையில்லை. அந்த இஎஸ்பி32 போர்டை ஹோம் அசிஸ்டென்ட்டோடு இணைக்கும் இஎஸ்பிஹோம் மென்பொருளைப் போட்டு விற்றால் கதை வேறு. அதன் சி++ பகுதி ஜிபிஎல் 3 என்ற உரிமத்தில் இருக்கிறது. வாங்கியவருக்கு மூலநிரல் கிடைக்க நீங்கள் வழி செய்தாக வேண்டும். கடைப் பலகையில் ஹோம் அசிஸ்டென்ட் இலச்சினையைப் போட்டுவிடாதீர்கள், அது உங்களுடையது அல்ல. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். அது பிறகு வரும் பிரச்சினை.

பொருத்தும் கூலியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மே மாதக் கோடை விழாவுக்கு முன்னால் செலவு செய்யும் காட்டேஜ்காரர் அப்புறம் பர்ஸை மூடிவிடுவார். வருடாந்திரப் பராமரிப்புப் பணமே வீட்டுச் செலவைத் தாங்கும் அன்றைக்கு ராஜினாமாவைப் பற்றி யோசிக்கலாம். பராமரிப்புக்கு வேலையும் இருக்கிறது: ஹோம் அசிஸ்டென்ட் மாதம் ஒரு புதுப் பதிப்பு விடுகிறது, சில சமயம் பழைய செட்டிங் உடையும். முதலில் உங்கள் வீட்டில் போட்டுப் பார்த்து, பிறகு மலைக்கு அனுப்புங்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி விட்டுப்போகக் கூடாது: இடி இறங்கி போர்டு கருகினால் புதுப் போர்டின் விலை யார் தலையில்? கையெழுத்துக்கு முன் எர்த்திங்கையும் சோதித்துவிடுங்கள்.