‘ஆக்ஸன்ஃப்ரீ’ கேம் விளையாடியவர்களுக்கு அந்த அனுபவம் எப்படி இருந்தது? பேய்க்கதை என்றால் ரொம்பப் பயமுறுத்துமா? அதன் சூழல் எப்படி, எப்படி விளையாடுவது நல்லது?

பயமுறுத்தும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற வகையில் இல்லை. இருட்டில் யாரும் துரத்த மாட்டார்கள், ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை, செத்துப்போய் முதலிலிருந்து தொடங்க வேண்டியதும் இல்லை. இந்த விளையாட்டில் நீங்கள் சாகவே முடியாது. நடப்பது, பேசுவது, ஒரு சின்ன ரேடியோவைத் திருகுவது, அவ்வளவுதான் வேலை. நான்கைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். நான் இதுவரை மூன்று முறை முடித்திருக்கிறேன், ஒருமுறை என் தங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

கேள்விப்படாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016 ஜனவரியில் வெளிவந்த விளையாட்டு இது. டிஸ்னியில் வேலை பார்த்த ஷான் கிராங்கல், டெல்டேல் என்கிற கேம் நிறுவனத்தில் கதை எழுதிக்கொண்டிருந்த ஆடம் ஹைன்ஸ் ஆகிய இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கிய நைட் ஸ்கூல் ஸ்டுடியோவின் முதல் பெரிய படைப்பு. அமெரிக்காவின் வடமேற்குக் கடலோரத்தில் எட்வர்ட்ஸ் தீவு என்று ஒரு கற்பனைத் தீவு. ஒரு காலத்தில் ராணுவம் இருந்த இடம், இப்போது ஆள் நடமாட்டம் இல்லை. அலெக்ஸ் என்கிற பள்ளி மாணவி கடைசிப் படகில் அங்கே போகிறாள். கூடவே அவளுடைய சின்ன வயது நண்பன் ரென், அவளுக்குப் புதிதாக அண்ணன் முறை ஆகியிருக்கும் ஜோனாஸ். அலெக்ஸின் அம்மா ஜோனாஸின் அப்பாவை மணந்துகொண்டதால், முன்பின் பழக்கமில்லாத இந்த இருவரும் இனி ஒரே வீட்டில். தீவில் கிளாரிசா, நோனா என்று இன்னும் இரண்டு பெண்கள் காத்திருக்கிறார்கள். கடற்கரையில் நெருப்பு மூட்டி விடிய விடிய அரட்டை அடிப்பதுதான் திட்டம். அலெக்ஸ் கையில் இருக்கும் ரேடியோவை ஒரு குகைக்குள் வைத்துத் திருகியதும் ஏதோ ஒன்று திறந்துகொள்கிறது.

இனி நான் சொல்ல நினைத்தது. இந்த விளையாட்டில் என்னை உண்மையாகவே பதறவைத்தது பேய்கள் இல்லை, பேச்சு.

மற்ற கதை விளையாட்டுகளில் ஒருவர் பேசி முடித்ததும் எல்லாம் நின்றுவிடும். கீழே மூன்று பதில்கள் வரும், டீ குடித்துவிட்டு வந்துகூட ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இங்கே அப்படி இல்லை. எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அலெக்ஸின் தலைக்கு மேல் பதில்கள் எழுதிய குமிழிகள் தோன்றும். உடனே அழுத்தினால் அவர் பேச்சை வெட்டி நீங்கள் குறுக்கே பேசிவிடுவீர்கள். அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தால் குமிழிகள் மெல்ல மங்கி மறைந்துவிடும். அப்போது அலெக்ஸ் எதுவும் சொல்லவில்லை என்று ஆகிவிடும். அந்த மௌனத்துக்கும் மற்றவர்கள் ஏதாவது ஒரு அர்த்தம் வைத்துக்கொள்வார்கள்.

முதல் தடவை எனக்கு இது பிடிபடவே இல்லை. கடற்கரையில் ‘உண்மையைச் சொல் அல்லது அறை வாங்கு’ என்கிற மாதிரி ஒரு விளையாட்டு ஆடுவார்கள். கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கன்னத்தில் ஒன்று விழும். கிளாரிசா கேட்பதெல்லாம் ஊசி ஊசியாக இருக்கும். காரணம் உண்டு. அலெக்ஸின் சொந்த அண்ணன் மைக்கேல் தண்ணீரில் மூழ்கி இறந்துவிட்டான். கிளாரிசா அவனுடைய காதலி. அதற்கு அலெக்ஸ்தான் பொறுப்பு என்கிற எண்ணம் அவள் மனதில் வேர்விட்டிருக்கிறது. அவள் குத்திப் பேசும்போது என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். குமிழி மறைந்துவிட்டது. நெருப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. யாரோ பேச்சை மாற்றினார்கள். சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை தொண்டையிலேயே நின்றுபோனது போல நெஞ்சை அடைத்தது. ஒரு சாவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்ன பேசுவதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருப்போமே, அதே உணர்வு. திரையில் ஒரு விளையாட்டு இதைச் செய்யும் என்று நான் நினைத்ததே இல்லை.

என் தங்கை இதற்கு நேர்மாறு. குமிழி வந்த நொடியே அழுத்துவாள். ஜோனாஸ் தன் அம்மாவைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுப்பான், இவள் நடுவில் புகுந்து வேறெதையோ கேட்டுவிடுவாள். “அவன் என்ன சொல்ல வந்தான்னு தெரியாமயே போயிடுச்சே” என்று அப்புறம் அவளே வருத்தப்பட்டாள். முடிவில், நீங்கள் எடுத்த முடிவுகளை எத்தனை சதவீதம் பேர் எடுத்தார்கள் என்று ஒரு பட்டியல் திரையில் வரும். அதில் எங்கள் இருவருடைய அலெக்ஸும் ஒரே பெண் என்று யாரும் நம்பமாட்டார்கள். என்னுடையவள் எல்லோரையும் அரவணைத்துக்கொண்டு, கிளாரிசாவிடம் மட்டும் வாயடைத்துப்போனவள். தங்கையுடையவள் துடுக்கானவள், ஆனால் ஜோனாஸோடு உண்மையாகவே அண்ணன் தங்கையாக ஆகிவிட்டவள்.

இப்போது ரேடியோவுக்கு வருகிறேன், ஏனென்றால் சூழல் என்று நீங்கள் கேட்டதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. தீவில் எங்கே வேண்டுமானாலும் அதை வெளியே எடுத்துத் திருகலாம். பெரும்பாலான இடங்களில் இரைச்சல்தான். முள் நகர நகர ஒரு பழைய பாட்டின் துண்டு, பாதி வார்த்தை, மறுபடி கரகரப்பு. என் தாத்தா வீட்டு அலமாரி மேல் பெரிய மரப்பெட்டி ரேடியோ ஒன்று இருந்தது. ராத்திரி இலங்கை வானொலியைப் பிடிக்க அவர் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருகுவார். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில், எந்த மொழி என்றே புரியாத ஒரு குரல் வந்து போகும். “யாரு தாத்தா அது?” என்று கேட்டால், “யாரோ, எங்கேயோ” என்பார். அந்த வயதில் எனக்கு அது பயமாகவும் இருந்தது, கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போலவும் இருந்தது. ஆக்ஸன்ஃப்ரீ அந்த இடத்தைத் தொட்டுவிட்டது. இங்கே அந்த ‘யாரோ’ உங்களிடம்தான் பேசுகிறார்கள். அதுவும் சொந்தக் குரலில் இல்லை. பழைய ஒலிபரப்புகளிலிருந்து ஒரு சொல்லை இங்கிருந்தும் ஒரு சொல்லை அங்கிருந்தும் பிய்த்து ஒட்டி வாக்கியம் ஆக்குகிறார்கள். ஒரு விளம்பரக் குரலும் ஒரு அறிவிப்பாளரின் குரலும் சேர்ந்து உங்களைக் கேள்வி கேட்டால் எப்படி இருக்கும்? எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது.

இசை ஸைன்டிஃபிக் என்ற பெயரில் இயங்கும் ஆண்ட்ரூ ரோர்மனுடையது. அது மெட்டாக மனதில் நிற்காது. தேய்ந்த நாடா ஓடுவது போலச் சற்றே அலைந்து, பின்னணியில் மிதந்துகொண்டிருக்கும். படமும் அப்படியே. மனிதர்கள் விரல் அளவுதான், காடும் பாறையும் பெரிது பெரிதாக, நீர்வண்ணத்தில் தீட்டினது போல. முகபாவம் தெரியாத தூரத்தில் அவர்களை வைத்திருப்பதால் குரல் நடிப்பு மொத்தச் சுமையையும் தாங்குகிறது. அலெக்ஸுக்குக் குரல் கொடுத்த எரின் இவெட்டை எத்தனை பாராட்டினாலும் தகும். பயந்துபோய்ச் சிரிப்பது என்று ஒன்று இருக்கிறதே, அதை அவர் குரலில் கேட்டுப் பாருங்கள்.

திடுக்கிட வைக்கும் இடங்கள் உண்டு, மறைக்கவில்லை. கண்கள் சிவந்து ஒளிரும். கண்ணாடியில் அலெக்ஸின் பிம்பம் தானாகப் பேசும். காலம் ஒரே இடத்தில் சுற்றத் தொடங்கும். இதில் என்னை உலுக்கியது அந்தச் சுற்றல்தான். ஜோனாஸோடு நடந்துகொண்டிருக்கிறீர்கள். திரை ஒரு பழைய வீடியோ கேசட் போல இழுத்துக்கொள்கிறது. அவன் ஏற்கெனவே சொன்ன வரியைத் திரும்பச் சொல்கிறான். நீங்கள் சொல்கிற பதில் மாறுகிறது, அவனுக்கு எதுவும் நினைவில்லை. அருகில் தானாக ஒரு நாடாப்பதிவுக் கருவி முளைத்திருக்கும். அதன் சக்கரங்களைக் கையால் சுழற்றிச் சரியான இடத்தில் நிறுத்தினால்தான் அங்கிருந்து வெளியேற முடியும். அந்த நேரத்தில் யாரும் கத்துவதில்லை. அதனாலேயே அது அதிகமாக உறைக்கிறது.

குறைகளும் உண்டு. நடை ரொம்ப மெதுவானது. அட்லர் என்கிற மூதாட்டி எழுதி வைத்த கடிதங்களைத் தேடிக் கண்டுபிடிக்கலாம், தீவின் ரகசியமெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. ஆனால் அதற்குத் தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திரும்ப நடக்க வேண்டும். வழியில் பேச்சும் தீர்ந்துபோயிருக்கும். ஒருவர் முக்கியமான விஷயம் சொல்லிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஏணியில் ஏறிவிட்டால் பேச்சு பாதியில் அறுந்துபோவதும் நடக்கும். இதைப் பிடிக்காமல் பாதியில் விட்டவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கடிதங்களை விடாதீர்கள் என்பதே என் கருத்து. 1943-இல் ‘கனலோவா’ என்ற அமெரிக்க நீர்மூழ்கி, சொந்த நாட்டுக் கப்பலின் தாக்குதலிலேயே மூழ்கிப்போனது என்பது இந்தக் கதையில் வருகிற கற்பனைச் சம்பவம். ஒரு செய்தியைத் தவறாகப் படித்ததால் நேர்ந்த விபரீதம் அது. அந்தத் தவறைச் செய்தவர்தான் அட்லர். வாழ்நாள் முழுக்க அதே தீவில் அந்தக் குற்ற உணர்வோடு தனியாக இருந்து இறந்துபோன ஒரு பெண்ணின் கையெழுத்தைப் படித்தபிறகு, ரேடியோவில் வருகிற குரல்களை வெறும் பேய்கள் என்று என்னால் நினைக்க முடியவில்லை. அவர்களுக்கும் வீடு திரும்ப வேண்டும்.

தலைப்பும் அதைத்தான் சொல்கிறது. அமெரிக்கக் குழந்தைகள் கண்ணாமூச்சி ஆடும்போது, ஆட்டம் முடிந்தது, ஒளிந்திருப்பவர்கள் பயமில்லாமல் வெளியே வரலாம் என்று “ஆலி ஆலி ஆக்ஸன் ஃப்ரீ” என்று உரக்கக் கூப்பிடுவார்கள். கூப்பிட யாரும் வராததால் இன்னும் ஒளிந்தே இருக்கிற பிள்ளைகள் மாதிரிதான் அந்தக் குரல்கள்.

இனி வருவது கதையின் பிற்பகுதி. விளையாடப் போகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

காலம் குழம்பிக் கிடக்கும் அந்தத் தீவில் அலெக்ஸ் சில நிமிடங்கள் கடந்த காலத்துக்குள் போய் விழுகிறாள். மைக்கேல் உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவன் கேட்பதெல்லாம் சாதாரணக் கேள்விகள்: கிளாரிசாவோடு இந்த ஊரை விட்டுப் போகலாமா, நீ என்ன நினைக்கிறாய்? நாம் சொல்கிற பதிலில் பெரிய விஷயங்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அந்த நேரத்தில் என் மனம் அதில் இல்லை. குமிழிகள் மங்கத் தொடங்குகின்றன, அவன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான், குறுக்கே பேசினால் அவன் குரல் நின்றுவிடும். இறந்த அண்ணனின் குரல். முதல் தடவை நான் எதையும் அழுத்தாமல் அவனைப் பேசவிட்டேன். ஆலோசனை சொல்ல வேண்டிய கணம் போய்விட்டது, எனக்கு வருத்தம் இல்லை.

எப்படி விளையாடுவது என்று கேட்டிருந்தீர்கள். ஹெட்போன் கட்டாயம். வசனங்கள் வேகமான அமெரிக்கப் பள்ளிக்கூடப் பேச்சு, அதனால் சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரே இரவில், அதிகபட்சம் இரண்டு இரவில் முடித்துவிடுங்கள். கணினியிலும் விளையாட்டுக் கருவிகளிலும் கிடைக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் 2021-இல் அந்த ஸ்டுடியோவை வாங்கியது. அடுத்த ஆண்டே போனில் நெட்ஃபிளிக்ஸ் விளையாட்டாகவும் வந்தது. 2023 ஜூலையில் வந்த இரண்டாம் பாகத்தில் ரைலி என்கிற முப்பதுகளில் இருக்கும் பெண் கையில் வாக்கி டாக்கியோடு அலைகிறாள். அதுவும் நன்றாகவே இருக்கிறது, ஆனால் முதல் பாகத்தை முடிக்காமல் தொடாதீர்கள்.

முடிந்ததும் உடனே மூடிவிட வேண்டாம். மறுபடி தொடங்கினால் அதே படகு, அதே ரென், அதே இரைச்சல். ஆனால் நடந்ததெல்லாம் அலெக்ஸுக்கு அங்கங்கே நினைவுக்கு வரும், முதல் முறை இல்லாத குமிழிகள் அவள் தலைக்கு மேல் எட்டிப்பார்க்கும். என் தங்கை இப்போது அந்த இரண்டாம் சுற்றில் இருக்கிறாள். நேற்று ராத்திரி ஜோனாஸ் தன் அம்மாவைப் பற்றி மறுபடி பேச ஆரம்பித்தான். இவள் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, அவன் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.