பேட்டில்ஃபீல்ட் 6: செக்யூர் பூட் ஆன் செய்தும் திறக்கவில்லையா?

ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க, கணினியில் செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருள் மட்டுமே கணினியைக் கிளப்ப விடும் பாதுகாப்பு) ஆன் ஆகியிருக்க வேண்டும் என்று இந்த விளையாட்டு கேட்கிறது. அது ஆன் ஆகவில்லை என்று செய்தி வந்தால், விளையாட்டை அழித்து மறுபடி நிறுவ வேண்டாம், பயன் இல்லை. செக்யூர் பூட்டை ஆன் செய்தும் அதே செய்தி வருகிறது என்றால், பெரும்பாலும் பயாஸில் (கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் அமைப்பு மென்பொருள்) சிஎஸ்எம் (பழைய முறையில் கிளம்ப விடும் வசதி) இன்னும் அணையவில்லை.

விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) என்று தட்டுங்கள். பயாஸ் மோடு எதிரே லெகசி (பழைய முறை) என்று இருந்தால் அதுதான் கோளாறு. யூஇஎஃப்ஐ (புதிய முறை) என்று இருந்தும் செக்யூர் பூட் ஆஃப் என்றால், பயாஸில் ஃபேக்டரி கீ (செக்யூர் பூட்டுக்கு ஆலையிலேயே வைத்த சாவிகள்) என்பதை மீட்டமையுங்கள். (ஒரு துப்பாக்கி விளையாட்டுக்காக பயாஸ் வரை போக வேண்டியிருப்பது எனக்கும் எரிச்சல்தான். ஆனால் ஏமாற்றுக்காரர்களோடு ஆடுவது அதைவிடக் கொடுமை.)

அவசரப்பட்டு சிஎஸ்எம்மை அணைத்துவிடாதீர்கள். வட்டு எம்பிஆர் வகை (வட்டைப் பிரிக்கும் பழைய முறை) என்றால் விண்டோஸே கிளம்பாது. முதலில் விண்டோஸின் எம்பிஆர்2ஜிபிடி (mbr2gpt) கருவியால் அதை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) இருந்தால் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் கை வையுங்கள்.