பழைய கடிதங்களிலிருந்து வரைபடமும் வலைப்பின்னலும்: கேள்வி பதில்

கேள்வி: இலக்கியம் படித்தவள் நான்; நிரல் எழுதத் தெரியாது. பழைய கடிதத் தொகுப்பு ஒன்றை வரைபடமாகவும், யார் யாருக்கு எழுதினார் என்று காட்டும் வலைப்பின்னலாகவும் ஆக்க எங்கே தொடங்குவது?

அட்டவணையில் தொடங்குங்கள். கடிதத்துக்கு ஒரு வரிசை. எழுதியவர், பெற்றவர், ஊர், தேதி, ஆதாரம் எனத் தனித்தனிப் பத்திகள் (நெடுவரிசைகள்). முதலில் 20 கடிதங்கள் போதும். ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். தேதியே இல்லாத கடிதம் வரும். அந்தப் பெயருக்குரியவர் ஒருவரா மூவரா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆய்வு என்பது அந்த முடிவுதான். எந்த மென்பொருளும் அதைச் செய்து தராது.

பிறகு அந்த அட்டவணையைப் பல்லாடியோ என்ற கருவியில் ஒட்டிப் பாருங்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவானது, உலாவியிலேயே இயங்கும். ஆழமாகப் போக நிலப்படத்துக்குக் கியூஜிஐஎஸ், வலைப்பின்னலுக்குக் கெஃபி. இரண்டும் இலவச மென்பொருள்கள்.

கேள்வி: கியூஜிஐஎஸ்ஸில் என் ஊர்களெல்லாம் கடலில் விழுகின்றனவே?

எக்ஸ் என்பது தீர்க்கரேகை, ஒய் என்பது அட்சரேகை. மாற்றிக் கொடுத்திருப்பீர்கள். எல்லாப் புள்ளிகளும் ஆப்பிரிக்காவை ஒட்டிய கினி வளைகுடாவில் குவிந்தால், பாகைகளை மென்பொருள் மீட்டராக எடுத்துக்கொண்டிருக்கும். ஆயத்தொலை முறையாக (இடங்களை எண்களால் குறிக்கும் முறை), பாகைகளைப் பயன்படுத்தும் 4326 என்ற எண்ணுள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தினேன். பிழை பூஜ்யம் என்று காட்டுகிறது. சரிதானே?

நம்பாதீர்கள். முதற்படிப் பல்லுறுப்புக்கோவை முறையில் (Polynomial 1) இரு வரைபடங்களிலும் ஒத்துவரும் மூன்று புள்ளிகள் மட்டும் கொடுத்தால் பிழை எப்போதும் பூஜ்யம்தான். ஒப்பிட்டுப் பார்க்க நான்காவது புள்ளி இல்லையே. பத்துக்கு மேல் கொடுங்கள், தாள் முழுவதும் பரவலாக. கோட்டை, பழைய பாலம் போன்றவை நல்லவை. ஆற்று வளைவு வேண்டாம், ஆறு இடம் மாறும்.

கேள்வி: கெஃபி படத்தில் நடுவில் வருபவர்தான் முக்கியமானவரா?

இல்லை. இணைந்தவை நெருங்கவும் மற்றவை விலகவும் கணக்கிட்டு வரையப்படும் படம் அது. மீண்டும் ஓட்டினால் தோற்றம் மாறலாம். யாருக்கு எத்தனை தொடர்பு, யார் வழியாக எத்தனை வழி என்ற எண்களைப் பாருங்கள். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரக் குடும்பங்களைப் பற்றி பேட்ஜெட்டும் ஆன்செலும் 1993-இல் வெளியிட்ட ஆய்வை இன்றும் மாணவர்களுக்குக் காட்டுகிறேன். அதன் தரவில் மெடிசி குடும்பத்துக்கு ஆறு குடும்பங்களோடு மண உறவு, ஸ்ட்ரோட்சி குடும்பத்துக்கு நான்கு. பெரிய வித்தியாசமாகத் தோன்றாது. ஆனால் ஒரு குடும்பத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் மிகக் குறுகிய வழிகளில் பாதிக்கு மேல் மெடிசி வழியாகவே செல்கின்றன. ஸ்ட்ரோட்சி வழியாகச் செல்பவை பத்தில் ஒன்றுதான். இந்த "இடைமை"யை எண்ணிப் பார்த்தால், செல்வத்தில் மிஞ்சிய ஸ்ட்ரோட்சியை மெடிசி அதிகாரத்தில் எப்படி முந்தியது என்பதற்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது.

உங்கள் தொகுப்பு ஒருவர் பத்திரப்படுத்திய கடிதங்களா? அப்படியானால் அவரே மையமாக வருவார். அது அவருடைய செல்வாக்கைக் காட்டாது. அவருடைய பெட்டி தப்பியதைக் காட்டும். அவரை நீக்கிவிட்டு ஒருமுறை வரைந்து பாருங்கள். மிச்சமிருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்களா என்பது அப்போது தெரியும்.

கேள்வி: ஊர் எது என்றே உறுதியில்லாத கடிதங்களை என்ன செய்வது?

மூலத்தில் உள்ள பெயரை அப்படியே ஒரு பத்தியில் வையுங்கள். உங்கள் ஊகம் அடுத்த பத்தியில். எவ்வளவு உறுதி என்பது மூன்றாவதில். ஊகித்த ஊர்களை வெளிறிய நிறத்தில் வரையுங்கள். ஊகிக்கவே முடியாதவற்றை நாட்டின் நடுவில் குத்திவிடாமல், வரைபடத்தின் ஓரத்தில் பட்டியலாகக் கொடுத்துவிடுங்கள்.